உட்கார்ந்து கேட்பதா, எழுந்து ஆடுவதா? ஜாஸ், லத்தீன் இசைக் கச்சேரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத்தில் எங்காவது ஜாஸ் கச்சேரி, லத்தீன் இசை இரவு என்று கேள்விப்பட்டால் நண்பர்கள் யாரையாவது இழுத்துக்கொண்டு போய்விடுவது என் பழக்கம். போகும் வழியில் அவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். முதலில் நான் சொல்லிவந்த பதில்களில் சில தவறு என்று பிறகு தெரிந்துகொண்டேன். திருத்திய பதில்கள் இவை.

ஜாஸ் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. நான் வந்து என்ன செய்வது?

தெரியாமல் வருவது நல்லது என்றுகூடச் சொல்வேன். இசைத்தட்டில் ஜாஸ் கேட்டுத் தலைவலி என்று ஒதுக்கியவர்கள் நேரில் ஒரு முறை கேட்டதும் மனம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். பியானோக்காரர் யாரும் எதிர்பாராத ஓரிடத்தில் விரலை வைக்கிறார். டிரம்ஸ்காரர் சட்டென்று தலையைத் தூக்கிச் சிரிக்கிறார். அடுத்த நொடி அவரும் அந்த வழியில் இறங்கிவிடுகிறார். சாக்ஸபோன்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு இருவரையும் வேடிக்கை பார்க்கிறார். ஒலிப்பதிவில் இந்தச் சிரிப்பு கேட்பதில்லை. அது இல்லாமல் அந்தத் திருப்பம் வெறும் குழப்பமாகத் தோன்றுகிறது.

மனோதர்மம் என்ற சொல் தெரிந்தவருக்கு ஜாஸ் பாதி தெரிந்த இசைதான். கீர்த்தனை எல்லோருக்கும் தெரியும். அதே வரியை வைத்துக்கொண்டு இன்றைக்கு என்ன நிரவல் செய்யப்போகிறார் என்பது பாடுகிறவருக்கே அந்தக் கணத்தில்தான் தெரியும். இங்கேயும் அதே கதை. ராகத்தின் இடத்தில், பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் கார்டுகளின் வரிசை ஒன்று இருக்கும். அந்த வரிசைதான் வேலி. அதற்குள் எப்படி வேண்டுமானாலும் ஓடலாம்.

ஜாஸும் லத்தீன் இசையும் வேறு வேறு அல்லவா? ஏன் ஒரே மேடையில் வைக்கிறார்கள்?

வேறுதான். ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளில் வளர்ந்தவை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸும் கியூபாவின் ஹவானாவும் துறைமுகங்கள். சரக்கோடு பாட்டும் கப்பலேறிப் போய்வந்தது. நியூ ஆர்லியன்ஸின் காங்கோ சதுக்கத்தில், அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடி மேளம் கொட்டி ஆடினார்கள். அவ்வூர் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் 1938இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகத் தம் நினைவுகளைப் பதிவு செய்தபோது, கொஞ்சம் ஸ்பானியச் சாயல் சேராவிட்டால் ஜாஸுக்குச் சரியான பக்குவம் வராது என்று விளக்கினார்.

1940களில் இந்த உறவு வெளிப்படையானது. அதற்குக் காரணமானவர்களில் முதலில் சொல்லவேண்டிய பெயர் மாரியோ பௌசா. பலரும் அவரை மறந்துவிடுகிறார்கள். ஹவானாவில் பிறந்து நியூயார்க் வந்து, பெரிய ஜாஸ் குழுக்களில் டிரம்பெட் ஊதியவர். தம் மைத்துனர் மச்சிட்டோவின் பெயரில் 1940இல் அமைந்த குழுவில், கீழே கியூபத் தாளம், மேலே ஜாஸ் ஊதுகருவிகள் என்று அடுக்கிக் காட்டினார். டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பிக்கு, காங்கா என்ற உயரமான கைமேளம் வாசிக்கும் சானோ போசோவை அறிமுகம் செய்துவைத்தவரும் அவரே. 1947 செப்டம்பரில் கில்லெஸ்பியும் போசோவும் கார்னகி அரங்கில் வாசித்தார்கள். 1948 டிசம்பரில் போசோ ஹார்லெமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது வயது 33. அவர்கள் சேர்ந்து வாசித்த காலம் ஏறக்குறைய ஓராண்டுதான். இன்று மேடையில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் காங்கா நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஓராண்டு நினைவுக்கு வருகிறது.

ஜாஸுக்கு எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், லத்தீன் இசைக்கு எழுந்து ஆடுகிறார்கள். நான் எதைச் செய்வது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் ஜாஸும் ஒரு காலத்தில் நின்று ஆடுகிற இசைதான். 1930களில் ஸ்விங் குழுக்கள் வாசித்தது நடன அரங்குகளில். பிறகு அது எப்படி உட்கார்ந்தது என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இசை பாதி, வரி பாதி. பீபாப் பாணி வந்தது, வேகம் கூடியது, காலுக்கு எட்டாத நுணுக்கங்கள் சேர்ந்தன. அதே சமயத்தில், 1944இல், நடனமோ பாட்டோ நடக்கும் கேளிக்கை விடுதிகளுக்கு அமெரிக்க அரசு 30 சதவீத வரி விதித்தது. சில மாதங்களில் அது 20 சதவீதமாகக் குறைந்தாலும் சுமை சுமைதான். ஆடாமல், பாடாமல், வாத்தியம் மட்டும் வாசித்தால் வரி இல்லை. விடுதி முதலாளி என்ன செய்வார்? ஆடும் இடத்தில் மேசை நாற்காலிகளைப் போட்டார். பதினைந்து பேர் வாசித்த இடத்தில் ஐந்து பேரை நிறுத்தினார்.

லத்தீன் இசை உட்காரவில்லை. 1950களின் நியூயார்க் பிராட்வேயில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 1949இல் திறந்த பேர்ட்லேண்ட் கிளப் நிலத்தடியில் இருந்தது. அங்கே உட்கார்ந்து ஜாஸ் கேட்டார்கள். ஒரே ஒரு தெரு தள்ளி, மாடியில், பலேடியம் நடன அரங்கு. அங்கே மச்சிட்டோ, டிட்டோ புவெந்தே, டிட்டோ ரோட்ரிகெஸ் குழுக்களுக்கு மாம்போ ஆடினார்கள். ஜாஸ் கலைஞர்கள் இடைவேளையில் மேலே போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். இரண்டும் ஒரே கச்சேரியில் சேரும்போது இன்றும் ரசிகர்களுக்குத் தடுமாற்றம் இருக்கிறது: பாதிப்பேர் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள், பாதிப்பேர் நாற்காலிக்கடியில் கால் தட்டிக்கொண்டு யாராவது முதலில் எழுந்திருக்க மாட்டார்களா என்று பார்ப்பார்கள்.

நான் பின்பற்றும் குறி ஒன்று உண்டு. லத்தீன் பாடலின் முதற்பகுதியில் பாங்கோ வாசிப்பவர் அந்த இரட்டைச் சிறுமேளங்களைத் தட்டிக்கொண்டிருப்பார். பாட்டு மொந்துனோ என்ற இரண்டாம் பகுதிக்குள் நுழையும்போது அவற்றைக் கீழே வைத்துவிட்டுக் கனமான ஓர் உலோக மணியைக் கையில் எடுத்துக் குச்சியால் அடிக்கத் தொடங்குவார். மணிச்சத்தம் வந்துவிட்டால் எழுந்துவிடலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

எனக்கு ஆடத் தெரியாதே?

மேடைக்கு நேர் எதிரே, நடுவில் நின்று ஆடுகிறவர்கள் பெரும்பாலும் முறையாகக் கற்றவர்கள். அவர்களுக்கு இடம் விட்டு ஓரமாக நின்றுகொள்ளுங்கள். இடுப்பை ஆட்ட வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதை மறந்துவிட்டு உடல் பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டிருந்தால் இடுப்பு தானாக வரும். சில இடங்களில் கச்சேரிக்கு முன் அரை மணியோ ஒரு மணியோ அடிப்படை அடவு சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்குப் போனால் கூச்சம் பாதி போய்விடும். ஒருவர் ஆட அழைத்து நீங்கள் மறுத்தால் அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. நீங்கள் அழைத்து அவர் மறுத்தாலும் அப்படியே.

இரண்டு மரக்கட்டைகளைத் தட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிறாரே, அவருக்கு வேறு வேலை கிடையாதா?

அந்தக் கட்டைகளின் பெயர் கிளாவே. அவை தட்டும் தாளக்கட்டுக்கும் கிளாவே என்றுதான் பெயர். மேடையில் இருக்கும் எல்லோரும், பாடகர் உள்பட, அதற்குக் கட்டுப்பட்டவர்கள்.

செய்து பார்த்தால்தான் விளங்கும். ஒன்றிலிருந்து பதினாறு வரை ஒரே சீராக எண்ணுங்கள். 1, 4, 7, 11, 13 என்ற எண்களில் மட்டும் கைதட்டுங்கள். பதினாறு முடிந்ததும் நிற்காமல் மறுபடி ஒன்று. முதல் எட்டில் மூன்று தட்டு, அடுத்த எட்டில் இரண்டு தட்டு. இதை மூன்று-இரண்டு கிளாவே என்பார்கள். முதல் பாதி இழுக்கும், இரண்டாம் பாதி இளகும். சில பாட்டுகள் இளகும் பாதியில் எடுக்கப்படும். அப்போது அது இரண்டு-மூன்று கிளாவே. ஏழாம் எண்ணில் வரும் தட்டை எட்டுக்குத் தள்ளிவிட்டால் ரும்பா கிளாவே. ஒரே ஒரு தட்டு நகர்ந்ததற்கே தாளத்தின் நடை மாறிவிடும்.

இன்னொரு நுட்பம்: கட்டையை யாரும் தட்டாவிட்டாலும் கிளாவே இருக்கிறது. நம் கச்சேரியில் தாளம் போடுகிறவர் கையை நிறுத்திவிட்டாலும் எடுப்பு மாறிவிடாதல்லவா, அதுபோல. பியானோ, டிரம்பெட், கீழ்ச் சுரங்களை வாசிக்கும் பேஸ் என்ற பெரிய தந்திவாத்தியம் எல்லாம் அந்த மூன்று, இரண்டு என்ற ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப் போக வேண்டும். மாறிப் போய்விட்டால் 'குறுக்கே போய்விட்டது' என்பது அந்தக் கலைஞர்கள் சொல்லும் குறை. அதனால் ஒரு வேண்டுகோள். கிளாவே உறுதியாகப் பிடிபடாமல் கூட்டத்தில் அதைத் தட்ட முயலாதீர்கள். நான் ஒரு முறை உற்சாகத்தில் மேசையில் தட்டத் தொடங்கி, அரை நிமிடத்தில் பாதியைத் தலைகீழாக மாற்றிவிட்டேன். மேடை ஓரத்தில் இருந்த காங்கா வாத்தியக்காரர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜாஸில் தாளம் தட்டுவது எளிது. நான்கு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் தட்டாமல் இரண்டிலும் நான்கிலும் தட்ட வேண்டும். நம் கை பழக்கத்தால் ஒன்றுக்கே போகும். அதைத் தடுத்துவிட்டால் போதும்.

ஜாஸ் பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை.

பெரும்பாலான பாட்டுகளுக்குச் சட்டகம் ஒன்றுதான். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். இதற்கு 'ஹெட்', அதாவது தலை என்று பெயர். பிறகு ஒவ்வொருவராகத் தனி வாசிப்பு. கடைசியில் மறுபடி தலை. நடுவில் நடப்பதெல்லாம் அந்த மெட்டின் கார்டு வரிசையையே திரும்பத் திரும்பச் சுற்றி வருவது. நம் ஆவர்த்தனத்தைப் போல ஆனால் நீளமானது. புளூஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 12 பார். ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை என்றால் 48 எண்ணிக்கை. பழைய அமெரிக்கத் திரைப்பாட்டு, நாடகப்பாட்டு மெட்டுகள் பெரும்பாலும் 32 பார்: எட்டு பார் மெட்டு, மீண்டும் அதுவே, எட்டு பார் வேறு, பிறகு முதல் மெட்டு. நிமிடத்துக்கு 120 எண்ணிக்கை வேகத்தில் அந்தச் சுற்று முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும்.

சுற்றைப் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். தனி வாசிப்பின்போது மெட்டை மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருங்கள். சாக்ஸபோன் எங்கெங்கோ அலையும், நீங்கள் விடாதீர்கள். மூன்றாவது பகுதி, அந்த 'வேறு' எட்டு பார் வரும்போது பியானோவும் பேஸும் நிறம் மாறுவது காதில் விழும். அங்கே நீங்களும் அவர்களும் ஒன்றாகத் திரும்பியிருந்தால் அன்றைய டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

இறுதியில் ஒருவர் நான்கு பார், டிரம்ஸ் நான்கு பார் என்று மாற்றி மாற்றி வாசிப்பதும் உண்டு. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் கேள்வி பதிலாகக் குறைத்துக்கொண்டே வரும் சுகத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. அப்போது தலைவர் தம் தலையைத் தொட்டுக் காட்டுவதைக் கவனியுங்கள். தலைவலி என்று நினைக்க வேண்டாம். 'தலைக்குத் திரும்புவோம்' என்று மற்றவர்களுக்குச் சைகை.

எப்போது கைதட்ட வேண்டும்?

ஜாஸில் ஒவ்வொரு தனி வாசிப்பும் முடியும்போது, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டலாம். மேற்கத்திய செவ்வியல் இசை அரங்கில் இப்படிச் செய்தால் முறைப்பார்கள். இங்கே தட்டாவிட்டால்தான் வாசித்தவர் வாடிப்போவார். ஆனால் மெதுவான பாட்டில் கைதட்டல் அடுத்தவரின் முதல் வரியை மூடிவிடும். அங்கே சற்றுப் பொறுப்பதே மரியாதை.

கச்சேரியின்போது பேசலாமா?

சில கிளப்புகள் வெளிப்படையாகவே பேசாதீர்கள் என்று அறிவிக்கின்றன. சில இடங்களில் இசை பின்னணிதான். அங்கே பேச்சை யாரும் தடுப்பதில்லை. எந்த வகை இடம் என்பதை உள்ளே நுழைந்த இரண்டு நிமிடத்தில் கண்டுகொள்ளலாம்: நாற்காலிகள் மேடையைப் பார்த்திருக்கின்றனவா, ஒன்றையொன்று பார்த்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

1961 ஜூன் 25இல் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் தம் மூவர் குழுவோடு நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு கிளப்பில் வாசித்தது முழுக்கப் பதிவாகியிருக்கிறது. ஜாஸ் பதிவுகளில் தலைசிறந்தவற்றில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். அதில் கண்ணாடிக் குவளைகள் மோதும் சத்தமும் பேச்சுச் சத்தமும் துல்லியமாகக் கேட்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எவ்வளவு பெரிய இசைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாமல் யாரோ எதையோ பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பேஸ் வாசித்த ஸ்காட் லாஃபாரோ பதினோரு நாளில், 25 வயதில், கார் விபத்தில் இறந்துபோனார். பேஸின் தனி வாசிப்பு தொடங்கும்போதுதான் மக்கள் பேசத் தொடங்குவார்கள். இருப்பதிலேயே மெல்லிய ஒலி அதுதான் என்பதால் 'இப்போது ஒன்றும் நடக்கவில்லை' என்று தோன்றிவிடுகிறது. அந்தப் பதிவைக் கேட்டதிலிருந்து பேஸ் வாசிக்கும்போது நான் வாய் திறப்பதில்லை.

எங்கே உட்கார்ந்தால் நல்லது?

பியானோ வாசிப்பவரின் கை தெரியும் பக்கம், அதாவது பார்வையாளருக்கு இடப்புறம் என்பது வழக்கமான அறிவுரை. நான் அதற்கு மாறாக டிரம்ஸையும் பேஸையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிற இடத்தைத் தேடுவேன். குழுவின் உண்மையான பேச்சுவார்த்தை அங்கேதான் நடக்கிறது. சிறிய இடத்தில் முதல் வரிசை வேண்டாம். டிரம்பெட்டின் வாய் நேராக உங்கள் முகத்துக்கு இருக்கும். லத்தீன் குழுவில், குச்சியால் அடிக்கும் டிம்பாலே என்ற உலோக மேளங்களுக்கு முன்னால் உட்காரவே உட்காராதீர்கள்.

சிறிய கிளப்பா, பெரிய அரங்கமா?

சிறிய கிளப். 1935இல் திறந்த வில்லேஜ் வான்கார்டு இன்றும் நிலத்தடியில், ஏறக்குறைய 120 பேர் மட்டுமே அமரும் முக்கோண அறையாகவே இருக்கிறது. லண்டனில் 1959இல் தொடங்கிய ரோனி ஸ்காட்ஸ் கிளப்பும் மேசைகளுக்கிடையே நடக்கவே இடமில்லாத இடமாகத்தான் பெயர் பெற்றது. இந்த இசை அப்படிப்பட்ட அறைகளுக்காகவே உருவானது. ஒருவரை ஒருவர் மைக் இல்லாமல் கேட்க முடிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

இருந்தாலும் அரங்கத்தைக் குறைத்துப் பேசிவிட முடியாது. நியூயார்க் கிளப்புகளில் வாசிக்கக் கலைஞர்கள் 'காபரே அட்டை' என்ற அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற விதி 1967 வரை இருந்தது. போதைப்பொருள் வழக்கு வந்தால் அட்டை பறிபோகும். பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் 1951இல் அப்படி இழந்து ஆறு ஆண்டுகள் சொந்த ஊர்க் கிளப்புகளில் வாசிக்க முடியாமல் கிடந்தார். பாடகி பில்லி ஹாலிடேவுக்கும் அட்டை போனது. சிறையிலிருந்து வெளிவந்த அவர் 1948 மார்ச்சில் கார்னகி அரங்கில் பாடினார். அரங்கத்துக்கு அந்தச் சீட்டு தேவைப்படவில்லை. சிறிய கிளப் கதவடைத்தபோது பெரிய அரங்கம் திறந்திருந்தது.

லத்தீன் இசை என்று பொதுவாகச் சொல்கிறார்களே, உள்ளே என்னென்ன இருக்கிறது?

அது ஒரு கோணிப்பை. கியூபாவின் சோன், ரும்பா, மாம்போ, சா-சா-சா, டொமினிக்கன் குடியரசின் மெரெங்கே, பச்சாத்தா, கொலம்பியாவின் கும்பியா, பிரேசிலின் சாம்பா, போசா நோவா, ரியோ டி லா பிளாட்டா கரையின் டாங்கோ. எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைப்பது அவற்றை வாசிப்பவர்களுக்கே எரிச்சல். 'சால்சா' என்ற சொல்கூட இப்படித்தான். பெரும்பாலும் கியூபத் தாளங்களிலிருந்து நியூயார்க்கில் வளர்ந்த இசையை, 1964இல் ஜானி பச்சேக்கோவும் ஜெர்ரி மசூச்சியும் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனம் அந்தப் பெயரில் உலகெங்கும் விற்றது. டிட்டோ புவெந்தேக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை.

உங்களுக்குத் தேவையானது இதுதான்: அறிவிப்பில் 'சால்சா' என்றிருந்தால் செருப்பை இறுக்கிக் கட்டுங்கள். 'போசா நோவா' என்றிருந்தால் அமைதியாக உட்கார்ந்து கேட்கும் இரவு. ஜோவாவ் ஜில்பெர்டோ அதைக் காதருகே பேசுவதுபோலப் பாடினார், மற்றவர்களும் அப்படியே தொடர்கிறார்கள். அவரும் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸும் சேர்ந்து 1964இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு, மறு ஆண்டு கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த ஆல்பமாயிற்று. 'லத்தீன் ஜாஸ்' என்றிருந்தால் இரண்டுக்கும் தயாராகப் போங்கள்.

ஸ்பானிய மொழி புரியாமல் எப்படி ரசிப்பது?

மொந்துனோ பகுதியில் பின்பாட்டுக்காரர்கள் ஒரே ஒரு சிறிய வரியைத்தான் மீண்டும் மீண்டும் பாடுவார்கள். முன்னால் நிற்பவர் அதற்கிடையே அந்தக் கணத்தில் தோன்றியதைப் பாடுவார்: வந்திருப்பவர்களின் ஊர், டிரம்பெட்காரரைக் கேலி, பழைய பாட்டின் ஓரடி. வில்லுப்பாட்டில் 'ஆமாம்' போடுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். நான்காவது முறை அந்தச் சிறுவரி உங்கள் வாயிலும் வந்துவிடும். பொருள் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டிக்கெட்டில் 'கவர்', 'மினிமம்', 'செட்' என்று போட்டிருக்கிறதே?

கவர் என்பது நுழைவுக் கட்டணம். மினிமம் என்பது உள்ளே குறைந்தது இவ்வளவுக்கு வாங்கியாக வேண்டும் என்ற நிபந்தனை. இது ஆளுக்கா மேசைக்கா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். செட் என்பது ஓர் அமர்வு, பெரும்பாலும் முக்கால் மணியிலிருந்து ஒன்றேகால் மணி வரை. ஓரிரவில் இரண்டு செட் இருந்தால், சில இடங்களில் ஒரே டிக்கெட்டில் இரண்டும் கேட்கலாம். சில இடங்களில் முதல் செட் முடிந்ததும் எல்லோரையும் வெளியேற்றிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பார்கள். தேர்ந்தெடுக்க முடியுமானால் இரண்டாவது செட். கை சூடேறியிருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், நிகழ்ச்சி நிரலைப் பற்றிய கவலையும் போயிருக்கும்.

நுழைவுக் கட்டணமில்லாத இடத்தில் தொப்பியோ ஜாடியோ சுற்றி வந்தால் அது அலங்காரமல்ல. பல இடங்களில் குழுவின் அன்றைய வருமானத்தில் பெரும்பகுதி அதுதான்.

ஜாம் செஷன் என்றால் என்ன? நான் கொஞ்சம் கிட்டார் வாசிப்பேன், ஏறலாமா?

ஒத்திகையில்லாமல், வந்திருக்கும் கலைஞர்கள் மாறி மாறி மேடையேறி வாசிக்கும் இரவு. இதில் புகழ்பெற்றது ஹார்லெமின் மின்டன்ஸ் பிளேஹவுஸ். 1940களின் தொடக்கத்தில் மங்க் பியானோவிலும் கென்னி கிளார்க் டிரம்ஸிலும் இருக்க, கில்லெஸ்பி, சார்லி பார்க்கர் போன்றோர் வந்து வாசித்தே பீபாப் உருவாயிற்று. தகுதியில்லாமல் ஏறுகிறவர்களைக் கீழே இறக்க, வேண்டுமென்றே கடினமான கார்டுகளையும் தலைதெறிக்கும் வேகத்தையும் பயன்படுத்தினார்கள்.

இன்று அவ்வளவு கொடுமை இல்லை. முதல் முறை போய்க் கேட்டுவிட்டு மட்டும் வாருங்கள். அடுத்த முறை பெயர்ப் பட்டியலில் எழுதுங்கள். எல்லோருக்கும் தெரிந்த மூன்று மெட்டுகளாவது மனப்பாடமாக இருக்க வேண்டும். கைப்பேசியைப் பார்த்து வாசிப்பதைப் பெரியவர்கள் விரும்புவதில்லை. இரண்டு சுற்று வாசித்துவிட்டு நிறுத்திவிடுங்கள். அங்கே மறுபடி அழைக்கப்படுகிறவர்கள் திறமைசாலிகளைவிட, எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவர்களே.

பிடித்த பாட்டை வாசிக்கச் சொல்லலாமா?

செட்டுக்கு இடையே, மெதுவாக, ஒரு முறை. 1961இல் தொடங்கிய நியூ ஆர்லியன்ஸ் பிரிசர்வேஷன் ஹாலில் கேட்டு வாசிக்கும் பாட்டுகளுக்குக் கட்டணப் பலகையே தொங்கியது. அதில் எல்லோரும் கேட்டுத் தொலைக்கும் அந்த 'வென் த செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்' பாட்டுக்குத்தான் உச்ச விலை. காரணத்தை நீங்களே ஊகிக்கலாம்.

காது கெட்டுப்போகுமா?

கெடலாம், அதனால் இதை விளையாட்டாக விட வேண்டாம். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் வகுத்த அளவின்படி 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம், 100 என்றால் கால் மணி நேரம். மூன்று டிரம்பெட், இரண்டு டிராம்போன், டிம்பாலே, மணி எல்லாம் தாழ்ந்த கூரைக்குக் கீழே சேர்ந்தால் 100ஐத் தொடுவது ஒன்றும் அதிசயமல்ல. இசைக்கென்றே செய்யப்பட்ட காதடைப்பான்கள் கிடைக்கின்றன. சுரம் மங்காமல் அளவை மட்டும் குறைக்கும். குழந்தைகளை அழைத்துப் போனால் காதை மூடும் கவசம் கட்டாயம். மாலை நேரத்துத் திறந்தவெளிக் கச்சேரி அவர்களுக்குக் கிளப்பைவிடப் பல மடங்கு மேல்.

என்ன உடை அணிவது? படம் எடுக்கலாமா?

ஆடுவதாக இருந்தால் தரையில் வழுக்காத, ஆனால் ஒட்டிக்கொள்ளவும் செய்யாத காலணி; மற்றபடி உங்கள் விருப்பம். ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிளாஷ் இல்லாமல். முழுப் பாட்டையும் கையுயர்த்திப் பதிவு செய்யாதீர்கள். பின்னால் இருப்பவர் உங்கள் கைப்பேசியில்தான் கச்சேரியைப் பார்க்கவேண்டி வரும்.

ஒரே குழு, ஒரே பாட்டு. போன மாதம் அற்புதம், இந்த மாதம் சப்பென்று இருந்தது. ஏன்?

அந்தந்தக் கணத்தில் உருவாக்குவது என்று ஒப்புக்கொண்டுவிட்டால் சில இரவுகள் உருவாகாமல் போவதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். நானும் வெறும் கையோடு திரும்பிய இரவுகள் உண்டு. சில நேரம் குறையே வழியாகிவிடுவதும் நடக்கிறது. 1975 ஜனவரி 24இல் ஜெர்மனியின் கொலோன் நகர ஆபரா அரங்கில் கீத் ஜாரெட் தனியாகப் பியானோ வாசிக்க வந்தார். கேட்டிருந்த பியானோ வரவில்லை. மேடையில் இருந்தது ஒத்திகைக்கான சிறிய பியானோ; மேல் சுரங்கள் தகரம்போல ஒலித்தன, கீழ்ச் சுரங்களுக்குக் கனமில்லை, பெடலும் சரியில்லை. நிகழ்ச்சி தொடங்கியதே நள்ளிரவை நெருங்கும்போது. ஜாரெட் நடுப்பகுதிச் சுரங்களிலேயே நின்று, இடக்கையில் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் புதிதாக உருவாக்கினார். அந்தப் பதிவு இலட்சக்கணக்கில் விற்றது.

எனவே ஒரு குழுவை ஒரே முறை கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். மூன்று முறை போங்கள். அதே பாட்டின் மூன்று வடிவங்கள் உங்களிடம் சேரும்.

முடிந்த பிறகு கலைஞர்களிடம் போய்ப் பேசலாமா?

தாராளமாக. டிரம்ஸைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்பவர் நிமிரும்வரை மட்டும் பொறுங்கள். 'அருமை' என்று சொல்வதைவிட, மூன்றாவது பாட்டில் பேஸும் காங்காவும் மட்டும் தனியாக நின்ற இடத்தைப் பற்றிக் கேளுங்கள். வீட்டுக்குப் போக நேரமாகிவிடும். இசைத்தட்டு விற்பனைக்கு வைத்திருந்தால் அவர்கள் கையாலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.